திரையில் உழைக்கும் கைகள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

திரைப்படம் பார்க்காதவர் நம் கல்லூரியில் ஒருவரேனும் உண்டா? தேடினாலும் கிடைக்கமாட்டார். வகுப்பறையில் விடை தெரியாமல் மேற்கூரையைப் பார்க்கும் நண்பரிடம், இன்ன படத்துக்கு இசையமைத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடியும் முன்பே விடை வந்துவிடும். படம் பார்த்துவிட்டு வந்தால் நாம் பேசுவதெல்லாம் என்ன? பாட்டு எப்படி, சண்டை எப்படி, சிரிப்பு எப்படி, கதாநாயகனும் கதாநாயகியும் கடைசியில் சேர்ந்தார்களா இல்லையா? இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தக் கதாநாயகனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது?

இதை வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. விடிந்தால் நம் ஊரில் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள். ஒருவரை இன்னார் என்று சொல்ல வேண்டுமானால், பெரும்பாலும் அவர் செய்யும் வேலையைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுகிறோம். ஆனால் வெள்ளித்திரைக்குள் நுழைந்ததும் வேலை மட்டும் காணாமற்போய்விடுகிறது. காதலுக்கு நேரம் இருக்கிறது, பழிவாங்குவதற்கு நேரம் இருக்கிறது, பிழைப்புக்கு மட்டும் நேரம் இல்லை. இந்த ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, பழையதும் புதியதுமாக நான் பார்த்த பத்துப் படங்களைப் பற்றிச் சுருக்கமாக எழுத முற்படுகிறேன். நான் விமரிசனக் கலை பயின்றவன் அல்லன். எதையும் அளந்து பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவன், அவ்வளவே.

ஏன் காட்டுவதில்லை?

முதலில் காரணத்தைப் பார்ப்போம். படச்சுருளில் படம் எடுத்த காலத்தில், திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு 24 படங்கள் வேண்டும். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். ஆகவே ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடிச் சுருள் செலவாகும். ஆயிரம் அடிச் சுருள் ஏறக்குறைய 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். எடுத்ததெல்லாம் முதல் முறையிலேயே சரியாக அமைவதும் இல்லை. சுருளோ விலை உயர்ந்த பொருள். இனி, வயலில் நாற்று நடும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். குனிந்தவர் நிமிர்வதற்குள் எத்தனை அடிச் சுருள் ஓடிவிடும்! வேலைக்கு நேரம் பிடிக்கும், படச்சுருளோ காத்திருக்காது. எனவே இரண்டு நாற்றைக் காட்டி, ஒரு பாட்டைப் போட்டு, அறுவடைக்கு வந்துவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்நாளில் பெரும்பாலான படங்கள் ஸ்டுடியோவுக்குள்ளேயே எடுக்கப்பட்டன. காமிராவும் விளக்குகளும் ஒலிப்பதிவுக் கருவிகளும் பெரும் பாரம். அவற்றைச் சேற்றிலும் மலையிலும் தூக்கிச் செல்வது எளிதன்று. எனவே வயலும் மலையும் திரைச்சீலையில் வரைந்த ஓவியங்களாக நின்றன. 1970களின் பிற்பகுதியில்தான் தமிழ்ப் படம் பெருமளவில் வெளியே வந்தது. 1977-ல் வெளிவந்த ‘16 வயதினிலே’ அதற்குக் கதவு திறந்த படங்களுள் முக்கியமானது. இன்றோ படச்சுருளே வேண்டாம். எண்முறைக் காமிராவில் எவ்வளவு நேரம் எடுத்தாலும் சுருள் தீராது. ஆயினும் பொறுமை மட்டும் தானாக வந்துவிடவில்லை. அது இயக்குநரின் மனத்தில் இருக்க வேண்டிய பொருள். அப்பொறுமை யாரிடம் இருந்தது, யாரிடம் இருக்கிறது என்று இனிக் காண்போம்.

தில்லானா மோகனாம்பாள் (1968)

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். இதைக் காதல் கதை என்பார்கள். நான் இதைத் தொழில் கதை என்பேன். நாதசுரமும் தவிலும் சதிரும் இங்கே அலங்காரம் அல்ல. அந்த மனிதர்களின் பிழைப்பு. குழு முழுவதும் வாத்தியங்களோடு ரயிலில் போகிறது. அடுத்த ஊரில் கச்சேரி. அங்கே மரியாதை கிடைக்குமா, சன்மானம் கிடைக்குமா என்ற கவலை. வாசிப்பின் நடுவே வாணவேடிக்கை வெடிக்கும்போது சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு வரும் கோபம், வேலை தெரிந்தவனின் வேலையை மதிக்காதபோது வருகின்ற நியாயமான கோபமே.

நாதசுர இசை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஆனால் திரையில் சிவாஜி கணேசனின் கன்னமும் கழுத்து நரம்பும் விரல்களும் அந்த மூச்சைத் தம்முடையதாக்கிக் கொண்டன. டி.எஸ். பாலையாவின் தவிலையும் கவனியுங்கள். ஒரு கலைஞன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்பதைக் கூடக் கவனித்து நடித்திருக்கிறார்கள். கலையும் உடலுழைப்புதான் என்று காட்டிய படம் என்பதால் இதை முதலில் வைத்தேன்.

ரிக்‌ஷாக்காரன் (1971)

எம்.ஜி.ஆர். நடித்த படங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: தொழிலாளி, படகோட்டி, விவசாயி, மாட்டுக்கார வேலன், ரிக்‌ஷாக்காரன், மீனவ நண்பன். உழைப்பவனின் பெயரையே படத்தின் பெயராக வைத்துச் சுவரொட்டியில் பெரிதாக எழுதினார்கள். இது சிறிய செய்தி அன்று. சாலையோரத்தில் ரிக்‌ஷாவில் சாய்ந்து கிடந்த மனிதருக்கு, தம் தொழிலின் பெயர் திரையரங்க வாசலில் மின்னுவதைப் பார்த்தால் நெஞ்சு நிமிராமல் இருக்குமா? எம். கிருஷ்ணன் இயக்கிய இந்தப் படத்துக்காக, அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது.

ஆனால் என் அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன். ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே சிலம்பம் சுழற்றும் சண்டைக் காட்சியை இன்றும் கைதட்டாமல் பார்க்க முடியாது. எனினும், உச்சி வெயிலில் மேட்டில் ரிக்‌ஷாவை மிதிக்கும்போது தொடைத் தசை என்ன பாடுபடும், ஒரு நாள் சவாரியில் வண்டிச் சொந்தக்காரருக்கு வாடகை போக மிச்சம் என்ன என்பவை படத்தின் அக்கறைகள் அல்ல. தொழிலுக்குப் பெருமை கிடைத்தது. தொழில் காட்சிக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷா 1973-ல் ஒழிக்கப்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணும்போது, மனிதனை மனிதன் இழுப்பது பற்றி நாடே பேசிய காலத்தில் வந்த படம் இது என்பது புலனாகும்.

முள்ளும் மலரும் (1978)

உமாசந்திரனின் நாவலைத் தழுவி மகேந்திரன் இயக்கிய முதல் படம். ஒளிப்பதிவு பாலுமகேந்திரா. அண்ணன் தங்கை பாசம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அண்ணன் யார்? மலையில் மின்நிலையத்தின் விஞ்சு இயக்குபவன். ஆட்களையும் பொருள்களையும் சரிவில் ஏற்றி இறக்கும் அந்த இயந்திரம் அவன் கையில் இருக்கிறது. காளிக்கு இருக்கும் திமிர் முழுவதும் அங்கிருந்து பிறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. படிப்பில்லை, பணமில்லை, ஆனால் அவன் நெம்புகோலை இழுத்தால்தான் மேலே இருப்பவர் கீழே வர முடியும்.

புதிதாக வந்த பொறியாளர் விதியைச் சொல்கிறார். இவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். இருவரும் கெட்டவர்கள் அல்லர். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் அன்றாடம் நடக்கும் மோதல் இது. வில்லன் இல்லாத மோதல். விபத்தில் காளியின் கை போகிறது; கையோடு வேலையும் போகிறது. ரஜினிகாந்தின் பிற்காலப் படங்களில் அவர் கை சுழற்றினால் பத்துப் பேர் விழுவார்கள். இங்கே ஒரு கை இல்லாமல் அவர் நிற்கும்போது, உழைப்பவனுக்குக் கை என்றால் என்ன என்பது புரிகிறது.

பசி (1979)

‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தைப் பார்த்தவர்கள் கட்டாயம் இதையும் பார்க்க வேண்டும். அதே ரிக்‌ஷா, எட்டே ஆண்டு இடைவெளி. துரை இயக்கிய இப்படத்தில் டெல்லி கணேஷ் ரிக்‌ஷா ஓட்டும் முனியாண்டியாக வருகிறார். சண்டை இல்லை, சவால் இல்லை. அவர் மகள் குப்பம்மா சென்னைத் தெருக்களில் காகிதம் பொறுக்குகிறாள். தோளில் கோணி, கண்கள் தரையில். லாரி ஓட்டுநர் ஒருவனால் ஏமாற்றப்படுகிறாள்.

குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்கு, அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வழங்கப்பட்டது. 1980-ல், பதினேழு வயதில் அவர் மறைந்தார். அவருடைய நடிப்பில் நான் வியந்தது அழுகையை அன்று. குப்பையைப் பொறுக்கும்போது அவர் கையில் இருக்கும் பழக்கத்தை. தயக்கமும் இல்லை, அருவருப்பும் இல்லை. நெடுநாள் செய்த வேலையில்தான் அந்த அலட்சியம் வரும். ஏழ்மையைக் கண்ணீரால் காட்டுவது எளிது. பழக்கத்தால் காட்டுவது கடினம். படத்தின் பிற்பகுதியில் சோகம் சற்றுக் கூடுதலாகவே கொட்டப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. முற்பகுதிக்காக அதைப் பொறுத்துக் கொள்ளலாம்.

தண்ணீர் தண்ணீர் (1981)

கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைக் கே. பாலசந்தர் படமாக்கினார். அத்திப்பட்டி என்னும் வறண்ட சிற்றூர். நெடுந்தொலைவிலுள்ள ஊற்றிலிருந்து தண்ணீர் வர வேண்டும். ஊருக்கு வந்து சேரும் வெள்ளைச்சாமி வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து தரும் பொறுப்பை ஏற்கிறான். கடைசியில் ஊரே கூடி வாய்க்கால் வெட்டப் புறப்படுகிறது. அரசு விதிகளின் பெயரால் அது தடுக்கப்படுகிறது.

இங்கே என் பாடப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. இயற்பியலில் வேலை என்பது விசையையும், விசையின் திசையில் ஏற்படும் இடப்பெயர்ச்சியையும் பெருக்கி வருவது. ஒரு குடத்தில் 15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ எடை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சமதரையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறாள். எடை கீழ்நோக்கிச் செயல்படுகிறது. அவள் கிடையாக நகர்கிறாள். இடையே 90 பாகை. ஆகவே புவியீர்ப்புக்கு எதிராக அவள் செய்த வேலை சுழி! கணக்கு சரிதான், தேர்வில் இப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் அவள் கழுத்தைக் கேட்டால் வேறு விடை வரும். பெண்கள் தண்ணீருக்கு நடக்கும் நடையை எந்தக் கணக்கிலும் வேலை என்று எழுதாத உலகத்தில், அந்த நடையையே ஒரு படத்தின் உயிராக வைத்தது பெரிய செயல். வசனங்கள் மேடை நாடகத்தின் வேகத்தோடு வருகின்றன என்பது உண்மை. ஆனால் சரிதாவின் முகமும் வெடித்த மண்ணும் பேசும் இடங்களில் வசனமே தேவைப்படவில்லை.

வீடு

1987ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வு பெற்றது. நாயகி அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கியவர் பாலுமகேந்திரா. பாட்டு ஒன்றுகூட இல்லை. கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அலுவலகத்தில் வேலை பார்க்கும் சுதா, தங்கையும் தாத்தாவும் குடியிருக்க ஒரு சிறிய வீடு கட்ட முயல்கிறாள். அந்த ஒரு வரிக்குள் மனை, வரைபடம், கடன், அனுமதி, சிமெண்டு, மணல், கூலி என்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மூச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்தப் படத்தை என் தாயாரோடு பார்த்தேன். அவர் பல ஆண்டுகளாகச் சித்தாள் வேலைக்குச் செல்பவர். சினிமாவில் அவருக்கு அதிக நாட்டமில்லை, பாதியில் எழுந்துவிடுவார். இதில் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியதும் அமர்ந்துவிட்டார். கட்டட வேலை செய்யும் மங்கம்மா வந்தபோது, “வேல தெரிஞ்சவ மாதிரிதாண்டா நிக்கிறா” என்றார். நடித்தவர் ‘பசி’ சத்யா. முன் சொன்ன படத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக் கொண்டவர். ஒப்பந்தக்காரர் பொருளில் செய்யும் மோசடியை மங்கம்மா வெளிப்படுத்தும் இடத்தில் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சிமெண்டு கொறஞ்சா கலவையோட நெறத்துலயே தெரிஞ்சிரும். சட்டி தூக்குறவளுக்குத் தெரியாதா? எங்கள யாரு கேக்குறா?”

இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் என்ன விமரிசனம் எழுதிவிட முடியும்? ஒப்பந்தக்காரர் போனபின் வேலையைத் தொடர்ந்து நடத்தத் துணை நிற்பவள் அந்த மங்கம்மாதான். கட்டடத்தின் உண்மை யாருக்குத் தெரியுமோ அவரிடம் படம் போய்க் கேட்டிருக்கிறது. முடியாத வீட்டைப் பார்க்க வரும் தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர், சுவரைத் தடவிப் பார்க்கும் விரல்களில் ஓர் ஆயுளையே காட்டிவிடுகிறார். கட்டட வேலையில் யாருடைய கை பட்டதோ, யாருடைய பணம் போனதோ, அவர்கள் இருவரையும் ஒரே மரியாதையோடு பார்த்த படம் இது. இந்தப் பத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே.

காக்கா முட்டை (2015)

எம். மணிகண்டன் இயக்கிய முதல் படம். சென்னைக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த இரண்டு சிறுவர்கள். பெரிய காக்கா முட்டை, சின்ன காக்கா முட்டை. தந்தை சிறையில். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, ரயில் பாதையோரம் சிந்திக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி எடைக்குப் போடுகிறார்கள். அவர்கள் விளையாடிய இடத்தில் பீட்சா கடை வருகிறது. ஒரு பீட்சாவின் விலை ஏறக்குறைய முந்நூறு ரூபாய்.

இங்கே படம் ஒரு கணக்குப் புத்தகம் போல் நடக்கிறது. ஒரு நாள் கரிக்கு இவ்வளவு. அம்மாவிடம் கொடுத்தது போக மீதி இவ்வளவு. முந்நூறு சேர எத்தனை நாள்? விலை என்பதை உழைப்பு நாள்களாக மாற்றிப் பார்க்கும் இந்தக் கணக்கை எந்தப் பொருளாதார ஆசிரியரும் இதைவிடத் தெளிவாக நடத்த முடியாது. குழந்தைகள் வேலை செய்வதைப் பார்த்து அழச் சொல்லவும் இல்லை, அதை அழகென்று காட்டவும் இல்லை. சிரிக்க வைத்துக்கொண்டே மனத்தை உறுத்துகிறது. காசு சேர்ந்தபின்னும் கடைக்குள் விடமாட்டார்கள் என்பதுதான் கதையின் அடி. உழைப்பால் விலையைக் கொடுத்துவிடலாம். மரியாதையை எங்கே போய் வாங்குவது? சிறுவர்கள் இருவரும், குழந்தைகளுக்கான படம் என்ற பிரிவில் இப்படமும் தேசிய விருது பெற்றன.

மேற்குத் தொடர்ச்சி மலை (2018)

லெனின் பாரதி இயக்கியது. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். முன்பு சொன்ன பொறுமைக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. ரங்கசாமி விடியுமுன் எழுகிறான், மலையேறுகிறான், ஏலக்காய் மூட்டையைச் சுமந்து இறங்குகிறான். படமும் அவனோடு ஏறி இறங்குகிறது. குறுக்கு வழியில் போகவில்லை. வழியில் எந்த மரத்தடியில் இளைப்பாறுவார்கள், எங்கே தேநீர் குடிப்பார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் நடந்தே தெரிந்து கொள்கிறோம். முதல் அரை மணி நேரத்தில் கதையே இல்லை என்று சில நண்பர்கள் குறைபட்டார்கள். அந்த நடைதான் கதை என்பேன்.

ரங்கசாமிக்கு ஒரே ஆசை. ஒரு துண்டு நிலம். மூட்டை மூட்டையாகச் சுமந்து சேர்த்த பணம் ஒருமுறை மலைச்சரிவில் ஏலக்காயோடு உருண்டு போகிறது. அந்த மூட்டை உருளும்போது நம் வயிறு கலங்குவதற்குக் காரணம், அதற்கு முன் எத்தனை மூட்டை சுமந்தான் என்பதை நாம் உடனிருந்து பார்த்துவிட்டதுதான். பிறகு நிலம் கிடைக்கிறது; விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனில் கைவிட்டுப் போகிறது. முடிவில், தனக்குச் சொந்தமாக இருந்த மண்ணில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளி ஆகிறான். வேலை இருக்கிறது, ஆனால் நடை நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ரங்கசாமியைப் பார்ப்பது, மூட்டை சுமக்கும் ரங்கசாமியைப் பார்ப்பதைவிட வேதனையாக இருக்கிறது.

பரியேறும் பெருமாள் (2018)

மாரி செல்வராஜின் முதல் படம். திருநெல்வேலியில் சட்டம் படிக்க வரும் ஒடுக்கப்பட்ட சாதி மாணவனின் கதை. ஆங்கிலப் பாடம் புரியாமல் அவன் தவிக்கும் காட்சிகள் நம் வகுப்பில் பலருக்குக் கண்ணாடி பார்ப்பது போலிருக்கும். உழைப்பைப் பற்றிய கட்டுரையில் இப்படத்துக்கு என்ன இடம் என்று கேட்கலாம். பரியனின் தந்தை என்ன வேலை செய்கிறார் என்பதில் இருக்கிறது இடம். அவர் கூத்தில் பெண் வேடமிட்டு ஆடுபவர். கல்லூரியில் தந்தையை அழைத்து வரச் சொன்னபோது பரியன் முதலில் வேறொருவரை அழைத்து வந்து நிறுத்துகிறான். பின்னர் சொந்தத் தந்தை வருகிறார். அவரைச் சில மாணவர்கள் ஆடை உருவி அவமானப்படுத்துகிறார்கள்.

தந்தையை மறைக்கிற மகனைப் படம் திட்டவில்லை. மறைக்க வைத்தது எது என்று கேட்கிறது. சாதி, தொழிலின் மீது ஏறி உட்கார்ந்து கொண்டு, தொழிலையும் இழிவாக்குகிறது; ஆளையும் இழிவாக்குகிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் கலைஞன் கோபித்துக் கொண்டால் சபை அமைதியாகும். இங்கே கலைஞன் தெருவில் ஓடுகிறான். இரண்டு படத்துக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள். எந்தக் கலைக்கு மேடை, எந்தக் கலைக்குத் தெரு என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்வியோடு இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தனித்தனியே பார்த்தபோது தோன்றாத பலவும் தோன்றும்.

கடைசி விவசாயி (2022)

மீண்டும் மணிகண்டன். மாயாண்டி என்ற முதியவராக நடித்தவர் நல்லாண்டி, உண்மையிலேயே விவசாயி. படம் வெளிவரும் முன்பே அவர் காலமாகிவிட்டார். பின்னர் தேசிய விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கப்பட்டது. படம் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வாயிற்று.

குலதெய்வத் திருவிழாவுக்குப் புதுநெல் வேண்டும். ஊரில் இன்னும் பயிர் செய்பவர் இவர் ஒருவரே. நெல் விதைத்து முளைவிட்ட வேளையில், இறந்துகிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, மயிலைக் கொன்றார் என்று வழக்குப் போட்டுக் காவலில் வைத்துவிடுகிறார்கள். அவருடைய கவலை சிறையைப் பற்றியது அன்று. பயிருக்குத் தண்ணீர் யார் பாய்ச்சுவார்கள் என்பதைப் பற்றியது. நீதிபதி அதைப் புரிந்து கொண்டு, காவலர் ஒருவரைத் தண்ணீர் பாய்ச்ச அனுப்புகிறார். சட்டத்துக்கு வாய்தா உண்டு. பயிருக்கு வாய்தா இல்லை. சீருடை அணிந்தவர் வரப்பில் நின்று மடையைத் திறக்கத் தெரியாமல் திணறும் நிலைமையில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு பொருள்! நாம் கடைநிலை வேலை என்று நினைப்பது ஒரு படிப்பு. அதைப் படிக்க ஒரு வாழ்நாள் ஆகும் என்பதைப் பெரியவரின் கைகள் சொல்கின்றன. அவர் மண்ணைத் தொடும் விதத்தை எந்த நடிகரும் ஒத்திகை பார்த்துக் கொண்டுவர முடியாது.

அளந்து கண்டது

பத்துப் படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது மூன்று வழிகள் தெரிகின்றன. தொழிலுக்குப் பெயரும் பெருமையும் கொடுத்து, வேலையை மட்டும் திரைக்குப் பின்னால் விட்டுவிடுவது ஒரு வழி. உழைப்பவரின் துன்பத்தைக் காட்டி நம்மை இரங்க வைப்பது இரண்டாவது. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, அவருக்கு என்ன தெரியும் என்பதைப் பார்ப்பது மூன்றாவது. முதல் வழியில் கைதட்டுகிறோம், இரண்டாவதில் கண்ணீர் விடுகிறோம், மூன்றாவதில்தான் கற்றுக்கொள்கிறோம். பழைய படமெல்லாம் முதல் வகை, புதிய படமெல்லாம் மூன்றாம் வகை என்றும் சொல்ல முடியாது. 1968-லும் பொறுமை இருந்திருக்கிறது. இன்று வாரந்தோறும் வரும் படங்களில் பலவற்றில் கதாநாயகன் என்ன வேலை செய்கிறான் என்று கடைசிவரை தெரிவதில்லை.

இதனால் நமக்கு என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். நாம் நிரப்பும் விண்ணப்பங்களில் ‘தந்தை / தாய் தொழில்’ என்றொரு கட்டம் இருக்கிறது. நம்மில் பலர் அதில் எழுதுவது ஒரே சொல்: கூலி. இரண்டே எழுத்து. அந்தச் சொல்லுக்குள் சாரம் கட்டுபவர் இருக்கிறார், மூட்டை சுமப்பவர் இருக்கிறார், நாற்று நடுபவர் இருக்கிறார், கலவையின் நிறத்தைப் பார்த்தே அளவு சொல்பவர் இருக்கிறார். அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அந்தச் சொல் மூடி வைத்திருக்கிறது. நல்ல படம் அந்தச் சொல்லைத் திறந்து காட்டுகிறது. அதனால்தான் மேலே சொன்ன சில படங்களைப் பார்த்தபின், வேலை முடிந்து வருபவர்களிடம் “இன்றைக்கு என்ன வேலை?” என்று கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவதும் இல்லை.

இந்தப் படங்களில் சில தொலைக்காட்சியில் அவ்வப்போது வருகின்றன. பலவற்றைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். இனி எந்தப் படம் பார்த்தாலும், பாட்டையும் சண்டையையும் ரசியுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில் ஒருமுறை மட்டும் அந்த மனிதரின் கைகளைப் பாருங்கள். அவை ஏதாவது வேலை செய்கின்றனவா? செய்தால், அந்த வேலை முடியும்வரை படம் காத்திருக்கிறதா? விடையைக் கல்லூரி மரத்தடியில் கூடும்போது பேசுவோம்.